பக்கத்து நாட்டோட வியாபாரம்: சாஃப்டா, இந்திய-இலங்கை ஒப்பந்தம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில கிளியரிங் லைன்ல வேலை பாக்குறதால இந்தக் கேள்விங்க எல்லாம் என்கிட்ட சுத்திச் சுத்தி வருது. புதுசா எக்ஸ்போர்ட் ஆரம்பிக்கிறவங்க, காமர்ஸ் படிக்கிற பசங்க, கொழும்புல கடை வெச்சிருக்கிற சொந்தக்காரங்கன்னு ஆளுதான் மாறுது, கேள்வி மாறல. கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். தெற்காசியாவப் பத்திதான் பேச்சு, ஒரே ஒரு இடத்துல கிழக்கு ஆப்பிரிக்கா வரும். முதல் கேள்விகள் லேசா இருக்கும், போகப் போகத்தான் வில்லங்கம்.

சார்க்ங்கிறாங்க, சாஃப்டாங்கிறாங்க, ரெண்டும் ஒண்ணா?

சார்க்ங்கிறது அமைப்பு, சாஃப்டாங்கிறது அந்த அமைப்புல இருக்கிற நாடுங்க போட்ட வியாபார ஒப்பந்தம். 1985 டிசம்பர்ல டாக்காவுல ஏழு நாடு சேந்து சார்க்க ஆரம்பிச்சாங்க: இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூடான், இலங்கை, மாலத்தீவு. 2007ல ஆப்கானிஸ்தான் எட்டாவதா வந்துச்சு. தலைமை ஆபீஸ் காத்மாண்டுல.

வியாபாரத்துப் பக்கம் வர்றதுக்கே பத்து வருஷம் ஆச்சு. மொதல்ல சாப்டான்னு ஒண்ணு, 1993ல கையெழுத்து, 1995 டிசம்பர்ல அமல். அது ஒவ்வொரு பொருளா உக்காந்து பேசி வரியக் கொறைக்கிற வகை, அதனால அவனவன் தனக்கு வலிக்காத பொருளா பாத்து சலுகை குடுத்துக்கிட்டான், பெருசா ஒண்ணும் நகரல. அப்புறம்தான் சாஃப்டா. 2004 ஜனவரியில இஸ்லாமாபாத்ல கையெழுத்தாச்சு, 2006 ஜனவரி 1ல இருந்து அமல். இதுல எல்லாப் பொருளுக்கும் வரிய படிப்படியா 5 சதவீதமோ அதுக்குக் கீழயோ கொண்டு வரணும். விட்டுக்குடுக்க முடியாத பொருள மட்டும் தனி லிஸ்ட்ல எழுதி வெச்சுக்கலாம். "சென்சிடிவ் லிஸ்ட்"னு பேரு.

ஃப்ரீ ட்ரேட்னா டாக்ஸே கிடையாதுன்னு அர்த்தமா?

இல்லைங்க. கொறையிறது சுங்க வரி மட்டும்தான், அதாவது பேசிக் கஸ்டம்ஸ் டூட்டி. இந்தியாவுக்குள்ள சரக்கு வந்தா ஐஜிஎஸ்டி கட்டித்தான் ஆகணும், ஏன்னா உள்ளூர்ல செஞ்ச பொருளுக்கும் ஜிஎஸ்டி இருக்குல்ல. இலங்கையில வாட் இருக்கு. அதுக்கும் மேல சில நாடுங்க வேற பேர்ல வசூல் பண்ணும், அதைப் பத்தி கீழ தனியா ஒரு கேள்வி வருது.

அந்த சென்சிடிவ் லிஸ்ட்ல உங்க பொருள் இருந்துச்சுன்னா சலுகையே கிடையாது, சாதாரண வரிதான். ஒரு நாடு எத ரொம்ப நல்லா செஞ்சு பக்கத்து நாட்டுக்கு விக்க முடியுமோ, அதையே அந்தப் பக்கத்து நாடு லிஸ்ட்ல போட்டு வெச்சிருக்கும். அதான் மனுஷ சுபாவம். இந்தியா 2011 நவம்பர்ல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. பங்களாதேஷ், நேபாளம், பூடான் மாதிரி வளர்ச்சி குறைஞ்ச நாடுங்களுக்கு வெச்சிருந்த லிஸ்ட்ட 480ல இருந்து 25ஆ கொறைச்சுது. மிச்சம் இருந்தது சாராயம், புகையிலை வகைங்கதான்.

பக்கத்து பக்கத்துல இருக்கோம், மொழி புரியுது, சாப்பாடு ஒண்ணு, அப்புறம் ஏன் வியாபாரம் இவ்ளோ கம்மி?

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், கேக்க வேண்டிய கேள்வியும் இதுதான். தெற்காசிய நாடுங்க உலகத்தோட பண்ற மொத்த வியாபாரத்துல தங்களுக்குள்ள பண்ணிக்கிறது ஏறக்குறைய 5 சதவீதம். தென்கிழக்கு ஆசியாவோட ஆசியான் நாடுங்களுக்குள்ள அது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கு. 2018ல உலக வங்கி ஒரு கணக்குப் போட்டுச்சு, அப்ப நடந்துக்கிட்டு இருந்த 23 பில்லியன் டாலர் வியாபாரம் 67 பில்லியன் வரைக்கும் போகலாம்னு. 2021ல இன்னொரு ரிப்போர்ட்ல, ஒரு இந்தியக் கம்பெனி பங்களாதேஷோட வியாபாரம் பண்றதவிட பிரேசில், ஜெர்மனியோட பண்றது 15ல இருந்து 20 சதவீதம் செலவு கம்மின்னு சொல்லுச்சு. பிரேசில் எங்க இருக்கு, நம்ம பார்டரத் தாண்டுனதுமே வர்ற பங்களாதேஷ் ஊரு பெனாபோல் எங்க இருக்கு!

காரணம் வரி மட்டும் இல்ல. பெனாபோலுக்கு எதிர்ல நம்ம பக்கம் இருக்கிற பெட்ராபோல் பார்டர்ல இந்திய லாரி பங்களாதேஷுக்குள்ள நேரா போய் டெலிவரி குடுக்க முடியாது. அந்தப் பக்கம் யார்டுல எறக்கணும், அங்க இருந்து அவங்க ஊரு லாரியில ஏத்தணும். கியூவுல நிக்கிற நாளுக்கு லாரி வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் ஓடும். அழுகுற சரக்கா இருந்தா கேக்கவே வேணாம். திரிபுராவோட அகர்தலாவுல இருந்து கொல்கத்தாவுக்கு சிலிகுரி வழியா சுத்திப் போனா 1,600 கிலோமீட்டர், பங்களாதேஷ நேரா குறுக்க வெட்டுனா அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். லாரி தாராளமா போய்வர 2015 ஜூன்ல திம்புவுல பங்களாதேஷ், பூடான், இந்தியா, நேபாளம் நாலும் ஒரு மோட்டார் வாகன ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்த வருஷமே பூடான் மேல்சபை வேண்டாம்னு ஓட்டுப் போட்டுருச்சு, சின்ன நாட்டுல லாரியா வந்து ரொம்பிடும்னு பயம். அதுல நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது.

நம்ம பக்கம் நிலைமை கொஞ்சம் பரவால்ல, கடல் இருக்கு. தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி போறது தலைமுறை தலைமுறையா இருக்கிற தொழில்.

எல்லாரும் டீயும் துணியும்தான செய்யுறோம், இதுல யாரு யாருக்கு விக்கிறது?

பாதி உண்மை. முடிஞ்ச பொருள மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். ஆனா பங்களாதேஷ் சட்டை தைக்கிறதுக்கு பஞ்சும் நூலும் பெரிய அளவுல இந்தியாவுல இருந்து போகுது. அந்தச் சட்டை ஐரோப்பாவுக்குப் போகுது. இது போட்டியா கூட்டாளியான்னு கேட்டா ரெண்டும்தான். திருப்பூர்காரர் போட்டின்னு சொல்லுவார், நூல் மில்காரர் கஸ்டமர்னு சொல்லுவார்.

ஐரோப்பாவுலயும் ஒரே நாடு காரை விக்குது, வேற காரை வாங்குது. ஒரே மாதிரி பொருள் செய்யுறது தடை கிடையாது, பாகம் பாகமா பிரிச்சு செய்ய முடியாம பார்டர் குறுக்க நிக்கிறதுதான் தடை.

இந்திய-இலங்கை ஒப்பந்தம் சாஃப்டாவுக்குள்ள வருதா, தனியா?

தனி. சாஃப்டாவுக்கு மூத்தது. 1998 டிசம்பர் 28ல கையெழுத்து, 2000 மார்ச் 1ல இருந்து அமல். ஒரு பொருளுக்கு ரெண்டு ஒப்பந்தத்துலயும் சலுகை இருந்தா எது லாபமோ அதுல போட்டுக்கலாம், ஆனா ஒரு கன்சைன்மெண்ட்டுக்கு, எந்த நாட்டுல செஞ்சதுன்னு காட்டுற சர்டிஃபிகேட் ஒரு ஒப்பந்தத்தோடதுதான்.

இதுல ரெண்டு நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கல. இந்தியா மூணு வருஷத்துல வரிய பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும், இலங்கைக்கு எட்டு வருஷம் டைம். இந்தியா விட்டுக்குடுக்க மாட்டேன்னு வெச்ச லிஸ்ட்ல 429 பொருள், இலங்கை லிஸ்ட்ல 1,180. இலங்கையில இருந்து இந்தியாவுக்கு வர்ற டீக்கு வருஷத்துக்கு 15 மில்லியன் கிலோ, ரெடிமேட் துணிக்கு 8 மில்லியன் பீஸ்னு கோட்டா. ஆரம்பத்துல டீயை கொச்சி, கொல்கத்தா துறைமுகத்துல மட்டும்தான் எறக்கணும்னு ஒரு கண்டிஷன் வேற, பின்னாடி அதைத் தளர்த்துனாங்க. ஒப்பந்தத்தப் படிக்கிறவங்க சதவீதத்த மட்டும் பாக்காதீங்க, இந்த மாதிரி அடிக்குறிப்புங்கள்லதான் விஷயமே இருக்கும்.

ஒரு பொருள் இலங்கையில செஞ்சதுன்னு எப்படிங்க நிரூபிக்கிறது? ஸ்டிக்கர் ஒட்டுனா போதுமா?

போதாது. இதுக்குப் பேரு "ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்". வெளையறது, புடிக்கிறது மாதிரி பொருள்னா சுலபம், முழுக்க அந்த மண்ணுல வந்ததுன்னு காட்டணும். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தா இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி ரெண்டு சோதனை. ஒண்ணு, எஃப்ஓபி மதிப்புல, அதாவது கப்பல்ல ஏத்துற வரைக்குமான விலையில, குறைஞ்சது 35 சதவீதம் அந்த நாட்டுல சேத்த மதிப்பா இருக்கணும். ரெண்டு, மூலப்பொருளோட எச்எஸ் கோடும் (சரக்க வகை பிரிக்கிற உலகப் பொது நம்பர்) முடிஞ்ச பொருளோட எச்எஸ் கோடும் முதல் நாலு இலக்கத்துல வேறவேறயா இருக்கணும், அதாவது நெசமாவே வேற பொருளா மாறியிருக்கணும். இலங்கைக்காரர் இந்திய மூலப்பொருள வாங்கிச் செஞ்சா அதுக்கு ஒரு தளர்வு உண்டு: இலங்கையோட பங்கு 25 சதவீதம், ரெண்டு நாடும் சேந்து 35 இருந்தா போதும். சாஃப்டாவுல இந்தியா மாதிரி நாட்டுக்கு 40, இலங்கைக்கு 35, வளர்ச்சி குறைஞ்ச நாட்டுக்கு 30.

சர்டிஃபிகேட் குடுக்குறது இலங்கையில வணிகத் திணைக்களம். 2020 செப்டம்பர்ல இருந்து இந்தியாவுல கரோட்டார்னு ஒரு விதி வந்திருக்கு. அதுப்படி சர்டிஃபிகேட் கையில இருந்தா மட்டும் போதாது, பொருள் எப்படி செஞ்சாங்க, என்ன செலவுங்கிற விவரத்தையும் இறக்குமதி பண்றவர் வெச்சிருக்கணும், கேட்டா காட்டணும். நெறைய பேரு சப்ளையர்கிட்ட இதைக் கேக்குறதே இல்ல, சரக்கு துறைமுகத்துல நின்ன பெறகுதான் போன் போடுவாங்க. சரக்கு தேங்கி நிக்கிறதுக்கான கட்டணம், டெமரேஜ், அது பாட்டுக்கு ஏறும்.

வனஸ்பதி விவகாரம், மிளகு விவகாரம்னு பெரியவங்க பேசிக்கிறாங்களே, என்ன நடந்துச்சு?

முந்தின பதில்ல சொன்ன விதி எதுக்குன்னு இதப் படிச்சா புரியும். 2000க்குப் பின்னாடி இந்தியாவுல பாமாயில் மேல வரி ரொம்ப ஒசரம், இலங்கையில கம்மி. இலங்கையில பாமாயில இறக்கி, வனஸ்பதியா மாத்தி, சுங்க வரி இல்லாம இந்தியாவுக்கு அனுப்பலாம்னு கணக்குப் போட்டு அங்க ஃபேக்டரியா முளைச்சுது. போட்டவங்கள்ல இந்திய முதலீட்டாளருங்களே நெறைய. இலங்கை ஏத்துமதி சர்ருனு ஏறுச்சு, நம்ம ஊர் வனஸ்பதி கம்பெனிங்க கத்துனாங்க, இந்தியா வருஷத்துக்கு 2,50,000 டன்னு கோட்டா வெச்சுது. அப்புறம் இந்தியா தன்னோட பாமாயில் வரியவே கொறைச்சதும் அந்தக் கணக்குல இருந்த லாபம் காணாமப் போச்சு, ஃபேக்டரிங்க மூடுனாங்க. செம்புலயும் இதே கதைதான், பழைய செம்ப இறக்கி உருக்கி அனுப்புனாங்க. அந்த வருஷங்கள்ல ஏத்துமதி வளர்ச்சின்னு ரெண்டு அரசாங்கமும் பெருமையா காட்டுன நம்பர்ல இந்த ரெண்டும் பெரிய பங்கு, அது போனதும் நம்பரும் எறங்குச்சு.

மிளகு கதை வேற மாதிரி. இந்தியாவுல மிளகுக்கு சாதாரண இறக்குமதி வரி 70 சதவீதம். இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல வருஷத்துக்கு 2,500 டன் வரைக்கும் வரியே இல்ல, அதுக்கு மேல சாஃப்டாவுல கொண்டு வந்தா 8 சதவீதம். 70க்கும் 8க்கும் நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை இருந்தா தண்ணி வரத்தான செய்யும்? வியட்நாம் மிளகு கொழும்புல எறங்கி இலங்கை மிளகுன்னு பேரு மாறி வருதுன்னு கேரளா, குடகு விவசாயிங்க கொந்தளிச்சாங்க. 2017 டிசம்பர்ல இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய்னு குறைஞ்சபட்ச இறக்குமதி விலை வெச்சுது. ஏமாத்துனவன் சில பேரு, ஆனா உண்மையாவே மாத்தளையில மிளகு போட்ட இலங்கை விவசாயிக்கும் சேத்து அடி விழுந்துச்சு.

இது பழைய கதைன்னு நெனைக்காதீங்க. 2024 செப்டம்பர்ல இந்தியா சமையல் எண்ணெய் வரிய ஏத்துனதும் நேபாளத்துல இருந்து சோயா எண்ணெய் வரத்து எகிறுச்சு. கச்சா எண்ணெய்ய வெளிநாட்டுல இருந்து வாங்கி சுத்திகரிச்சு அனுப்புறாங்க, நேபாளச் சரக்குக்கு வரி இல்ல. ஒப்பந்தத்துல ரெண்டு நாடு வரியக் கொறைச்சுக்குது, ஆனா மூணாவது நாட்டுக்குப் போடுற வரிய அவங்கவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம். அந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் இந்த வியாபாரமும் இருக்கும்.

அண்ணே, நாங்க கொழும்புல இருக்கோம். இந்தியா பெரிய நாடு, இந்த ஒப்பந்தத்தால எங்களுக்கு நஷ்டம்தானே?

பயம் புரியுது, ஆனா நம்பர் வேற சொல்லுது. இலங்கையில இருந்து இந்தியாவுக்கு வர்ற சரக்குல பாதிக்கு மேல இந்த ஒப்பந்தச் சலுகையப் பயன்படுத்தி வருது. இந்தியாவுல இருந்து இலங்கைக்குப் போறதுல அந்த மாதிரி போறது சொற்பம். பெட்ரோல் டீசல், வண்டி, மருந்து இதெல்லாம் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாட்டியும் போயிருக்கும். அப்போ வர்த்தகப் பற்றாக்குறைய மட்டும் காட்டி ஒப்பந்தத்து மேல பழி போடுறது சரியில்ல.

ஆனா எல்லாக் கவலையும் வீண்னு சொல்ல மாட்டேன். 2008ல சீபாங்கிற பெரிய ஒப்பந்தம் கையெழுத்துக்குக் கிட்ட வந்து நின்னு போச்சு, பெறகு எட்கான்னு பேரு மாத்திப் பேசுறாங்க, இழுத்துக்கிட்டே இருக்கு. இந்தியாவுல இருந்து ஆளுங்க வேலைக்கு வந்து குவிஞ்சிடுவாங்களோன்னு அங்க டாக்டர், இன்ஜினியர் சங்கங்க எல்லாம் எதிர்த்தாங்க. இன்னொரு கவலை எனக்கு நியாயமாப் படுது, அது இந்தியா பக்கம் சரக்கு எறக்குறதுல வர்ற தொல்லை. சாப்பாட்டுச் சாமான்னா லேப் டெஸ்ட், வேற சிலதுக்கு பிஐஎஸ் தர முத்திரை. வரி பூஜ்யம்னு எழுதிட்டு டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காக்க வெச்சா சின்ன ஏத்துமதியாளர் என்ன செய்வார்?

வரியே இல்லன்னு சொல்லிட்டு கொழும்புல செஸ், பால்னு புடுங்குறாங்களே, அது எப்படி சட்டப்படி சரி?

சட்டப்படி சரிதான், அதுதான் கடுப்பு. ஒப்பந்தத்துல கொறைச்சது சுங்க வரிய. இலங்கை இறக்குமதி மேல செஸ்னு ஒண்ணும், துறைமுக விமான நிலைய மேம்பாட்டு வரின்னு ஒண்ணும் தனியா வாங்குது, அதத்தான் சுருக்கி பால்ங்கிறாங்க. பங்களாதேஷ்லயும் சப்ளிமெண்டரி டூட்டி, ரெகுலேட்டரி டூட்டின்னு உண்டு. முன்வாசல்ல கொறைச்சத பின்வாசல்ல வாங்கிக்கிறாங்க.

அவங்க பக்கமும் யோசிங்க. வருமான வரி கட்டுறவங்க கம்மியா இருக்கிற நாட்டுல துறைமுகத்துல வசூல் பண்றதுதான் அரசாங்கத்துக்குச் சுலபமான வருமானம். அதக் கை வெச்சா பட்ஜெட்ல ஓட்டை. ஐஎம்எஃப் கடன் வாங்குன பெறகு இந்த வரிங்கள படிப்படியா எடுக்குறேன்னு இலங்கை ஒத்துக்கிட்டிருக்கு, எடுக்குறதுக்குள்ள நம்ம கோட்டேஷன்ல இத மறக்காம சேத்துருங்க.

ஒப்பந்தம் இருக்கும்போதே இந்தியா வெங்காயத்த திடீர்னு நிறுத்துதே, அது எப்படி?

ஒப்பந்தம் பேசுறது பெரும்பாலும் இறக்குமதி வரிய. உள்ளூர்ல தட்டுப்பாடுன்னா ஏத்துமதிய நிறுத்த எந்த அரசாங்கத்துக்கும் வழி இருக்கு. 2019 செப்டம்பர்ல இந்தியா வெங்காயத்த நிறுத்துச்சு. அடுத்த மாசம் டெல்லி வந்த அப்போதைய பங்களாதேஷ் பிரதமர் ஷேக் ஹசீனா, இனிமே சமையல்ல வெங்காயம் போடாதன்னு சமையல்காரர்கிட்ட சொல்லிட்டேன், நிறுத்துறதா இருந்தா கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்கன்னு சிரிச்சுக்கிட்டே குத்துனாங்க. 2023 டிசம்பர்ல மறுபடி தடை. இலங்கை பெரிய வெங்காயத்துக்கு இந்தியாவத்தான் நம்பி இருக்கு, அங்க விலை தாறுமாறா ஏறுச்சு. 2024 ஏப்ரல்ல இலங்கைக்குன்னு 10,000 டன் தனி அனுமதி குடுத்தாங்க, மே மாசம் தடைய எடுத்தாங்க.

நாசிக் விவசாயிக்கும் இதுல அடி, கொழும்பு ஹோட்டல்காரருக்கும் அடி. இதவிட மோசம் அப்புறம் நடக்கிறது: வாங்குறவன் அடுத்த தடவ பாகிஸ்தான், சைனான்னு வேற ஆளத் தேடி வெச்சுக்குவான், இல்லாட்டி நானே வெளைய வெச்சுக்கிறேன்னு மானியத்தக் கொட்டுவான். பக்கத்து நாட்டுக்கு அரிசி, வெங்காயம் மாதிரி சாமானுக்கு ஒரு குறைஞ்ச அளவ எந்த நேரமும் நிறுத்த மாட்டோம்னு எழுதிக் குடுக்கணுங்கிறது என்னோட கட்சி. வரிய இன்னும் ரெண்டு சதவீதம் கொறைக்கிறதவிட அது பெருசு.

மஞ்சள், பீடி இலை கடத்துறதா தினமும் நியூஸ் வருதே, அதுவும் இதுல சேருமா?

சேரும். 2020ல இலங்கை டாலர் மிச்சம் பண்ண மஞ்சள் இறக்குமதிய அடைச்சுது. அங்க விலை பல மடங்கு ஏறுச்சு, ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரையில மூட்டை மூட்டையா மஞ்சள் புடிபட ஆரம்பிச்சுது. பீடி இலையும் அதே மாதிரி. குருவியா போறவங்க கதை எல்லாருக்கும் தெரியும். கணக்குல வராத வியாபாரம் தெற்காசியா முழுக்க எல்லா பார்டர்லயும் இருக்கு, அதனாலயும்தான் மேல சொன்ன 5 சதவீதம் கம்மியாத் தெரியுது.

இத போலீச வெச்சு மட்டும் தீர்க்க முடியாது. மேகாலயா-பங்களாதேஷ் பார்டர்ல கலைச்சார்ங்கிற இடத்துல 2011ல ஒரு எல்லைச் சந்தை தொறந்தாங்க, பார்டர் ஹாட்னு பேரு. சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க ரெண்டு நாட்டுக் காசுலயும் காய்கறி, துணி, பாத்திரம் வாங்கி விக்கலாம், வரி கிடையாது. சின்ன அளவுதான், ஆனா ராத்திரி ஒளிஞ்சு போய் வித்த ஆளு பகல்ல கடை போடுறார்.

பாகிஸ்தானோட வியாபாரம் சுத்தமா இல்லையா? துபாய் வழியா வருதுன்னு சொல்றாங்களே?

1996ல உலக வர்த்தக அமைப்பு விதிப்படி மத்த நாடுங்களுக்குப் போடுற அதே வரிதான் உனக்கும்னு இந்தியா பாகிஸ்தானுக்குக் குடுத்துச்சு, பாகிஸ்தான் பதிலுக்கு முழுசா குடுக்கல. 2019 பிப்ரவரியில புல்வாமா தாக்குதலுக்கு அப்புறம் இந்தியா அத எடுத்துட்டு 200 சதவீதம் வரி போட்டுச்சு. அதே ஆகஸ்ட்ல பாகிஸ்தான் வியாபாரத்தையே நிறுத்துச்சு. நடுவுல துபாய் வழியா லேபிள் மாத்தி போனது வந்தது உண்டு, பேரீச்சையும் இந்துப்பும் அப்படித்தான். 2025 மேயில இந்தியா மூணாவது நாடு வழியா வர்ற பாகிஸ்தான் சரக்கையும் சேத்துத் தடை பண்ணிடுச்சு. சாஃப்டா காகிதத்துல ரெண்டு பேரும் இன்னும் உறுப்பினர்தான்.

அப்போ சார்க் செத்துப் போச்சுன்னு சொல்லலாமா?

தலைவருங்க கடைசியா உக்காந்தது 2014 நவம்பர், காத்மாண்டு. 2016ல இஸ்லாமாபாத்ல நடக்க வேண்டியது உரி தாக்குதலுக்கு அப்புறம் நின்னுது, அதோட சரி. சார்க்ல எல்லா முடிவும் ஒருமனதா எடுக்கணும், ஒருத்தர் வரலைன்னா கூட்டமே இல்ல. ரெண்டு நாட்டுச் சண்டைய அங்க பேசவும் கூடாதுன்னு சாசனத்துலயே இருக்கு. பேசக்கூடாதுன்னு வெச்ச விஷயமே கூட்டத்த நிறுத்திடுச்சு.

ஆனா சாஃப்டா வரிச் சலுகை இன்னைக்கும் ஓடுது, பங்களாதேஷ் சட்டைக்கு இந்தியாவுல சுங்க வரி இல்லாதது அதாலதான். 2022 ஜனவரியில இலங்கைகிட்ட டாலர் காலியானப்போ ரிசர்வ் வங்கி 400 மில்லியன் டாலர் குடுத்துச்சே, அதுவும் சார்க் கரன்சி ஸ்வாப் ஏற்பாடுதான். இன்னொரு பக்கம் 1997ல ஆரம்பிச்ச பிம்ஸ்டெக் இருக்கு, பாகிஸ்தான் இல்லாம தாய்லாந்து, மியான்மர் சேத்து ஏழு நாடு. அவங்க 2004ல வியாபார ஒப்பந்தத்துக்கு ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் மட்டும் கையெழுத்துப் போட்டாங்க, முழு ஒப்பந்தம் இன்னும் வரல. பாகிஸ்தான் இல்லாட்டி எல்லாம் ஓடிடும்னு சொல்றவங்க இதுக்கும் பதில் சொல்லணும்.

நேபாளம் மாதிரி கடலே இல்லாத நாடு என்ன பண்ணும்?

பக்கத்து வீட்டு வழியாத்தான் போகணும், அது அவங்களுக்கு எப்பவும் உறுத்தல். கொல்கத்தா, ஹால்தியா, விசாகப்பட்டினம் துறைமுகத்துல எறக்கி ரக்சௌல் வழியா பீர்கஞ்ச் போகுது சரக்கு. 1989லயும் 2015லயும் பார்டர் அடைபட்டப்போ காஸ் சிலிண்டர் கூட இல்லாம கஷ்டப்பட்டாங்க. 2015ல நேபாளம் புது அரசியலமைப்பு கொண்டு வந்த நேரம், இந்தியா நான் அடைக்கல, உள்ளூர் மாதேசி மக்களோட போராட்டம்னு சொல்லுச்சு, நேபாளத்துல அத நம்புனவங்க கம்மி. 

அதே பார்டர்லதான் 2019ல மோதிஹாரியில இருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாய் வந்துச்சு, தெற்காசியாவுல நாடு தாண்டுன மொத பெட்ரோலியக் குழாய். கரண்டு வியாபாரமும் சுவாரசியம். நேபாளத்துக்கு மழைக்காலத்துல நீர்மின்சாரம் மிஞ்சுது, பங்களாதேஷுக்கு வேணும், நடுவுல இந்தியாவோட கம்பி. 2024 அக்டோபர்ல மூணு நாடும் கையெழுத்துப் போட்டு 40 மெகாவாட் இந்தியா வழியா போகுது. அளவு சின்னதுதான், ஆனா நடுவுல இருக்கிற நாடு வழி விட்டா என்ன நடக்கும்னு இதுல தெரியுது. 

ஐரோப்பா மாதிரி ஒரே காசு, ஒரே சந்தை நமக்கு வருமா?

கிட்டத்துல இல்ல. படி வரிசை இருக்கு: மொதல்ல சில பொருளுக்கு சலுகை, அப்புறம் ஃப்ரீ ட்ரேட், அப்புறம் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லாரும் ஒரே வரி போடுற கஸ்டம்ஸ் யூனியன், அப்புறம் ஆளும் பணமும் தாராளமா நகர்ற பொதுச் சந்தை, கடைசியில ஒரே காசு. நாம ரெண்டாவது படியில பாதி கால வெச்சிருக்கோம். மூணாவது படிக்குப் போனா மிளகு, வனஸ்பதி மாதிரி ஓட்டை தானா அடைஞ்சிடும், ஆனா அதுக்கு இந்தியாவும் நேபாளமும் உக்காந்து ஒரே வரி அட்டவணை போடணும். யாரு யாருக்கு எறங்கி வர்றது?

ஐரோப்பாவ விட்டுட்டு நம்மள மாதிரி நாடுங்கள பாருங்க. கென்யா, உகாண்டா, தான்சானியா மூணும் 1967ல சேந்தாங்க, சண்டை போட்டு 1977ல கலைச்சாங்க, 2000ல மறுபடி ஆரம்பிச்சாங்க. 2005ல கஸ்டம்ஸ் யூனியன், 2010ல பொதுச் சந்தை. கென்யா-உகாண்டா பார்டர்ல புசியாவுல ரெண்டு நாட்டு அதிகாரியும் ஒரே கட்டடத்துல உக்காந்து ஒரே தடவை செக் பண்றாங்க, லாரி ரெண்டு தடவை நிக்க வேண்டியதில்ல. அவங்களும் புனிதர்கள் கிடையாது. 2021 மார்ச்ல உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்துல பூஞ்சை நஞ்சு இருக்குன்னு கென்யா நிறுத்துச்சு, நம்ம வெங்காயக் கதை மாதிரியே. கொஞ்ச நாள்ல கண்டிஷன் போட்டுத் திரும்ப விட்டாங்க. பெட்ராபோல்ல புசியா மாதிரி ஒரு கட்டடம் வந்தாலே நான் சந்தோஷப்படுவேன், ஒரே காசு அப்புறம் பாத்துக்கலாம்.

வரி கொறைஞ்சா எல்லாருக்கும் நல்லதுதானே, யாருக்கு நஷ்டம்?

இது பரீட்சையில வர்ற கேள்வி, வாழ்க்கையிலயும் வரும். ஜேக்கப் வைனர்னு ஒரு பொருளாதார அறிஞர் 1950ல சொன்ன விஷயம் இது. பக்கத்து நாட்டுச் சரக்குக்கு மட்டும் வரியக் கொறைச்சா ரெண்டு நடக்கலாம். உள்ளூர்ல அதிக செலவுல செஞ்சத விட்டுட்டு பக்கத்து நாட்டுல மலிவா வாங்குறது ஒண்ணு, அது லாபம். தூர நாட்டுல உண்மையாவே மலிவா கிடைக்கிறத விட்டுட்டு, வரி இல்லங்கிற ஒரே காரணத்துக்காக பக்கத்து நாட்டுல கொஞ்சம் அதிக விலையில வாங்குறது ரெண்டாவது. இதுல வாங்குறவனுக்கு மலிவாத் தெரியும், அரசாங்கத்துக்கு வர வேண்டிய வரி போச்சு, நாட்டுக்கு மொத்தத்துல நஷ்டம். 

அதோட ஒப்பந்தத்துக்கு நடுவுலயே எதிர் வரி வரலாம். பங்களாதேஷ் சணல் சாமான் ரொம்ப மலிவா வந்து இந்திய சணல் மில்ல அடிக்குதுன்னு 2017 ஜனவரியில இந்தியா ஆன்டி-டம்பிங் வரி போட்டுச்சு. 2025ல அரசியல் கெட்டதும் பங்களாதேஷ் ரெடிமேட் துணி தரை வழியா வரக்கூடாது, கடல் வழியாத்தான் வரணும்னு கட்டுப்பாடு வந்துச்சு. வரி இன்னும் பூஜ்யம்தான், வழிதான் அடைபட்டுச்சு. 

சரி சார், நான் சின்ன ஆளு. கொழும்புக்கு மசாலாப் பொடி அனுப்பப் போறேன். நான் என்ன செய்யணும்?

ஏத்துமதி இறக்குமதி பண்றதுக்கான பதிவு நம்பர், ஐஇசி, இருக்கும்னு நெனைக்கிறேன், இல்லாட்டி அது மொத வேலை. அடுத்து எச்எஸ் கோட சரியா புடிங்க. தனி மிளகாய்த்தூளும் கலப்பு மசாலாவும் வேறவேற கோடு, சலுகையும் வேற. அந்தக் கோட வெச்சு இலங்கைப் பக்கம் மூணு ரேட்டப் பாருங்க: சாதாரண வரி, சாஃப்டா வரி, இந்திய-இலங்கை ஒப்பந்த வரி. அதுமேல செஸ், பால், வாட் எல்லாம் கூட்டி மொத்தம் என்ன வருதுன்னு உங்க பையர்கிட்டயே எழுதி வாங்குங்க. அந்தப் பொருளுக்கு இறக்குமதி லைசென்ஸ் வேணுமா, நிறுத்தி வெச்சிருக்காங்களான்னும் அவரையே கேக்கச் சொல்லுங்க, மஞ்சளுக்கு நடந்தது ஞாபகம் இருக்கட்டும்.

சலுகைக்கும் சாதாரண வரிக்கும் வித்தியாசம் ரெண்டு மூணு சதவீதம்தான்னா, சின்ன கன்சைன்மெண்ட்டுக்கு ஒரிஜின் சர்டிஃபிகேட் அலைச்சலும் செலவும் கட்டுப்படியாகாது, பல பேரு அதனாலதான் எடுக்குறதே இல்ல. வித்தியாசம் பெருசுன்னா சரக்கு கெளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க, இன்வாய்ஸ்ல இருக்கிற வெயிட், மதிப்பு, பொருளோட விவரம் எல்லாம் சர்டிஃபிகேட்லயும் ஷிப்பிங் பில்லுலயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். ஒரு எழுத்து மாறுனாலும் கொழும்புல சலுகைய மறுப்பாங்க. மொத தடவை சின்ன லாட்டா அனுப்பிப் பாருங்க, பணத்த அட்வான்ஸாவோ எல்சியாவோ (பணத்துக்கு பேங்க் பொறுப்பேத்துக்கிற கடிதம்) வாங்கிக்குங்க.